சொல்லும் நிலையும்: பாரதத்தில் விகர்ணன், விதுரன், யுயுத்சு

மகாபாரத மாந்தர் குறித்துத் தமிழில் எழுந்துள்ள திறனாய்வுகள் பெரும்பாலும் கர்ணன், திரௌபதி, துரியோதனன், பீஷ்மர், கண்ணன் ஆகியோரைச் சுற்றியே அமைந்துள்ளன. இவர்களுக்கு அடுத்த வரிசையில் நிற்கும் மாந்தர்கள் நிகழ்ச்சிகளின் பொருட்டு மட்டுமே பேசப்பட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் மறக்கப்படுகின்றனர். ஆயினும் காப்பியத்தின் அறச்சிக்கல்களுள் ஒன்று இவ்விரண்டாம் வரிசை மாந்தர் வழியாகவே முழுமையாக வெளிப்படுகின்றது. தான் சார்ந்த தரப்பு தவறு செய்கிறது என்பதை அறிந்தவன், அதனை அவையிலே எடுத்துரைத்த பின்னரும் அத்தரப்பு திருந்தாதபோது, எங்கே நிற்க வேண்டும் என்பதே அச்சிக்கல். கௌரவர் குடிக்குள்ளேயே இவ்வினாவை எதிர்கொண்டவர்கள் மூவர்: திருதராட்டிரனின் தம்பி விதுரன், காந்தாரியின் மகன் விகர்ணன், வைசியப் பெண்ணிடம் திருதராட்டிரனுக்குப் பிறந்த யுயுத்சு. துரியோதனனின் செயல் தவறு என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மூவரும் நின்ற இடங்கள் வேறுவேறு. அவ்வேறுபாட்டைக் காப்பியம் எவ்வாறு நோக்குகிறது என்பதையும், தமிழ் மரபு அதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அவையில் எழுந்த குரல்

சபா பருவத்தில் திரௌபதி எழுப்பும் வினா சட்டநுட்பம் உடையது. தருமன் முதலில் தன்னைத் தோற்றானா, தன்னையிழக்கும் முன்பே மனைவியைப் பணயம் வைத்தானா என்பது அவ்வினா. தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்பது அதனுள் அடங்கிய பொருள். இவ்வினாவிற்குப் பீஷ்மர் அளிக்கும் விடை, அறம் நுண்மையானது என்பதாகும். பொருளற்றவன் பிறர் பொருளைப் பணயம் வைக்க இயலாது என்றும், மனைவியோ கணவனுக்கு உட்பட்டவள் என்றும் இருபக்கமும் சொல்லி, முடிவு கூற இயலாமையை ஒப்புக்கொள்கிறார். அறநூல் வல்ல மூத்தோரின் வாயடைப்பு இவ்விடத்தில் முழுமை பெறுகிறது.

இச்சூழலில்தான் விகர்ணன் எழுகிறான். அவன் முதலில் தன் கருத்தைச் சொல்லவில்லை. பீஷ்மர், துரோணர், விதுரன் முதலியோரையும் கூடியிருந்த அரசர்களையும் விடையளிக்குமாறு வேண்டுகிறான். எவரும் வாய் திறவாத நிலையிலேயே தன் முடிவைத் தானே கூறுகிறான். அவன் உரை உணர்ச்சி முழக்கமன்று; நிரல்பட அமைந்த வாதம். வேட்டை, கள், சூது, காமம் ஆகிய நான்கும் அரசர்க்குரிய தீய பழக்கங்கள். அவற்றுள் மூழ்கியவன் செய்யும் செயல் செல்லத்தக்கதன்று. திரௌபதி ஐவர்க்கும் பொதுவானவள். ஒருவன் மட்டும் அவளைப் பணயம் வைக்க உரிமையில்லை. தருமன் தன்னை இழந்த பின்னரே அவளை வைத்தான். அவ்வாறு வைக்கத் தூண்டியவனும் எதிரே ஆடிய சகுனியே. ஆகவே அவள் வெல்லப்பட்டவள் அல்லள் என்பது விகர்ணனின் முடிவு.

அவையோர் விகர்ணனைப் புகழ்ந்தும் சகுனியை இகழ்ந்தும் ஆரவாரிக்கின்றனர் என்று காப்பியம் குறிப்பிடுகிறது. இக்குறிப்பு கருதத்தக்கது. அவையில் இருந்தவர்களுக்கு நியாயம் தெரியாமல் இல்லை. அதனைச் சொல்ல ஒருவன் துணிந்தபோது அவர்கள் உடன்பட்டனர். ஆனால் அவ்வுடன்பாடு ஆரவாரத்தோடு நின்றது. கர்ணன் எழுந்து, விகர்ணன் வயதுக்கு மீறிப் பேசும் சிறுவன் என இகழ்ந்து, திரௌபதியின் ஆடையைக் களையுமாறு துச்சாதனனை ஏவியதும், ஆரவாரித்தவர்கள் அனைவரும் மீண்டும் மௌனத்தில் ஆழ்ந்தனர். விகர்ணனும் அதன்பின் பேசவில்லை.

துகிலுரியும் கொடுமைக்குப் பின் விதுரன் பேசுகிறான். அவன் எடுத்துரைப்பது பிரகலாதன், விரோசனன், சுதன்வன் ஆகியோர் கதை. தன் மகன் விரோசனனுக்கும் அந்தணனாகிய சுதன்வனுக்கும் இடையே உயிரைப் பணயமாக வைத்து எழுந்த வழக்கில், பிரகலாதன் மகனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தான் என்பது அக்கதை. அவையில் அறம் கேட்கப்படும்போது அறிந்தும் வாய் திறவாதவனுக்கு அப்பாவத்தில் பங்குண்டு என்பது அதன் உட்பொருள். மகனைக் காட்டிலும் நியாயத்தைப் பெரிதாகக் கொண்ட ஒரு தந்தையின் கதையைத் திருதராட்டிரனின் முன்னிலையில் கூறுவதன் குறிப்பு வெளிப்படை. ஆயினும் விதுரன் சொல்லும் பயன் தரவில்லை.

திருக்குறள், கேட்கும் அரசன் அறிவுரையை ஏலாதவனாயினும் உறுதி கூறுதல் உடனிருப்பவனின் கடன் என அமைச்சு அதிகாரத்தில் (638) வலியுறுத்துகிறது. விகர்ணனும் விதுரனும் இக்கடனைக் குறைவின்றி ஆற்றியவர்கள். கடனை ஆற்றிய பின்னரும் எஞ்சி நிற்கும் வினாவைத்தான் பாரதம் தன் பிற்பகுதி முழுவதும் விரித்துச் செல்கிறது.

சென்று மீண்ட விதுரன்

வனபருவத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. பாண்டவர்க்கு நாட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று வற்புறுத்திய விதுரனைத் திருதராட்டிரன் சினந்து, விரும்பினால் போகலாம், விரும்பினால் இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறான். விதுரன் காமியக வனத்திற்குச் சென்று பாண்டவரோடு சேர்கிறான். பின்னர் மனம் வருந்திய திருதராட்டிரன் சஞ்சயனை அனுப்பி அழைக்க, விதுரன் அத்தினாபுரிக்கே திரும்புகிறான். கௌரவர் தரப்பிலிருந்து வெளியேறிய முதல் மனிதன் விதுரனே. திரும்பி வந்தவனும் அவனே. அண்ணன்பால் கொண்ட அன்பும், தான் இல்லாவிடில் சொல்வதற்கு ஒருவரும் இரார் என்ற எண்ணமும் அவனைத் திரும்பச் செய்தன எனக் கொள்ளலாம். திரும்பியதன் விளைவாக அவன் தொடர்ந்து பேசினான். தொடர்ந்து கேட்கப்படாமலும் இருந்தான். போரில் அவன் படைக்கலம் ஏந்தவில்லை.

வில்லிபுத்தூரார் இவ்விடத்தில் ஒரு மாற்றத்தைச் செய்கிறார். கண்ணனைத் தன் மனையில் விருந்தாக ஏற்றமைக்காகத் துரியோதனன் அவையில் இழித்துரைக்க, விதுரன் தன் வில்லை முறித்துப் போரிலிருந்து விலகுவதாக அவர் பாடுகிறார். வடமொழி மூலத்தில் இல்லாத இந்நிகழ்ச்சி, விதுரனின் ஒதுங்கலுக்கு ஒரு கண்கூடான செயல்வடிவம் தருகிறது. சொல்லால் மட்டும் மறுத்தவன் செயலாலும் மறுத்தான் எனக் காட்ட வேண்டும் என்ற உணர்வு தமிழ்க் கவிஞருக்கு இருந்துள்ளது என்பதற்கு இது சான்று. சொல்லியபின் என்ன செய்தான் என்னும் வினா அவரையும் உறுத்தியிருக்கிறது.

களத்தின் விளிம்பில்

இம்மூவரின் நிலைகளையும் ஒப்பிட்டு அறிவதற்குப் பீஷ்ம பருவத்தின் ஒரு பகுதி திறவுகோலாக அமைகிறது. போர் தொடங்கும் முன் தருமன் கவசத்தையும் படைக்கலத்தையும் நீக்கிவிட்டு, நடந்து சென்று பகைவர் படையிலுள்ள மூத்தோரை வணங்குகிறான். பீஷ்மர், துரோணர், கிருபர், சல்லியன் ஆகிய நால்வரிடமும் போர்செய்ய இசைவு பெறுகிறான். நால்வர் வாயிலிருந்தும் வரும் விடை ஏறத்தாழ ஒன்றே: மனிதன் பொருளுக்கு அடிமை, கௌரவர் தந்த பொருளால் கட்டுண்டு நிற்பதால் பாண்டவர் பக்கம் நின்று போரிட இயலாது. வெற்றி பாண்டவர்க்கே ஆகுக என வாழ்த்தவும் செய்கின்றனர்.

இதனை அடுத்துக் கண்ணன் கர்ணனை அணுகி, பீஷ்மர் களத்தில் இருக்கும்வரையிலாவது பாண்டவர் பக்கம் வருமாறு அழைக்க, துரியோதனனுக்கு விருப்பமில்லாததைச் செய்யேன் என அவன் மறுக்கிறான். அதன்பின் தருமன் இரு படைகளுக்கும் நடுவே நின்று, தம் பக்கம் வர விரும்புவோர் வரலாம் என உரக்க அறிவிக்கிறான். அப்போது யுயுத்சு ஒருவனே வருகிறான்.

இந்நிரல் தற்செயலானதன்று. பொருளால் கட்டுண்ட நால்வர், நட்பால் கட்டுண்ட ஒருவன், கட்டறுத்து வந்த ஒருவன் என அறுவரை ஒரே பகுதியில் அடுத்தடுத்து நிறுத்துகிறது காப்பியம். மூத்தோர் தம் இயலாமையை உலகப் பொதுவிதியாகக் கூறினர். மனிதன் பொருளுக்கு அடிமை என்பது விதியாயின் யுயுத்சுவும் அதற்கு உட்பட்டவனே. அவனும் அதே அரண்மனையில் உண்டு வளர்ந்தவன். அவன் கடந்து வந்ததனால் அவ்விதி விதியன்று, தெரிவு என்பது புலனாகிறது. காப்பியம் இதனை விளக்கிச் சொல்வதில்லை. நிகழ்ச்சிகளின் அடுக்கே சொல்லிவிடுகிறது.

விகர்ணன் அந்நேரம் எங்கே இருந்தான் என்று காப்பியம் தனியே குறிப்பதில்லை. அவன் அண்ணனின் படையில் இருந்தான். தருமனின் அழைப்பு அவன் செவியிலும் விழுந்திருக்கக் கூடியதே. அவையில் எழுந்து பேசியவன் களத்தில் வரிசையை விட்டு நகரவில்லை.

விகர்ணனின் முடிவு

துரோண பருவத்தில், பதினான்காம் நாள் போரில் விகர்ணன் வீமனால் கொல்லப்படுகிறான். சயத்திரதனைத் தேடிச் சென்ற அருச்சுனனுக்குத் துணையாகச் செல்லும் வீமனைக் கர்ணன் தடுக்கிறான். இருவருக்குமிடையே கடும்போர் மூள்கிறது. கர்ணன் தளர்வதைக் கண்ட துரியோதனன் அவனைக் காக்கத் தன் தம்பியரை அனுப்புகிறான். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவன் விகர்ணன்.

அவையில் விகர்ணனைச் சிறுவன் என இகழ்ந்து வாயடைத்தவன் கர்ணன். அவனைக் காக்கச் சென்றே விகர்ணன் உயிர் துறந்தான். இம்முரண் திறனாய்வாளர் கவனத்தை உரிய அளவில் பெற்றதில்லை. கர்ணனோ உத்தியோக பருவத்தில் கண்ணனிடம் தனித்து உரையாடும்போது, துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவரைக் கடுஞ்சொற்களால் இகழ்ந்ததற்காக வருந்துவதாக ஒப்புக்கொண்டவன். ஆகவே பதினான்காம் நாள் போரில் காக்கப்படுபவன், காக்க வந்தவன் ஆகிய இருவருமே நடந்தது தவறு என உணர்ந்தவர்கள். உணர்ந்த இருவரும் அத்தவற்றின் பொருட்டே போரிட்டனர்.

விகர்ணனைக் கொன்ற வீமன் அங்கேயே புலம்புகிறான். நூற்றுவரையும் கொல்வதாகச் செய்த சூளுரையினால் விகர்ணனும் மடிய நேர்ந்ததே என்றும், தம் நலத்தை நாடியவன் ஆயிற்றே என்றும் வருந்துகிறான். பகைவனைக் கொன்றதற்காக வீமன் வருந்தும் இடங்கள் பாரதத்தில் அரிது. ஸ்திரீ பருவத்தில் காந்தாரி, அறிஞர் மதித்த தன் மகன் விகர்ணன் யானைகளின் நடுவே வீழ்ந்து கிடப்பதையும், அவன் இளமனைவி கழுகுகளை ஓட்ட இயலாது தவிப்பதையும் கண்ணனுக்குச் சுட்டிக்காட்டி அழுகிறாள். இருதரப்பாரின் கண்ணீரும் அவனுக்குக் கிடைக்கிறது.

யுயுத்சுவின் எஞ்சிய வாழ்வு

யுயுத்சுவின் செயல் களத்தின் விளிம்பில் திடீரென நிகழ்ந்ததன்று. ஆதி பருவத்திலேயே, வீமனுக்கு நஞ்சு கலந்த உணவு தரப்படவிருந்ததைப் பாண்டவர்க்கு உணர்த்தியவன் அவன். ஆகவே அவன் கடந்து சென்றமைக்கு நெடிய முன்வரலாறு உண்டு. வெல்லும் பக்கத்தைத் தேர்ந்தான் என்ற குற்றச்சாட்டும் நிற்பதற்கில்லை. அப்போது கௌரவரிடம் பதினோரு அக்குரோணி, பாண்டவரிடம் ஏழு. பீஷ்மர், துரோணர், கர்ணன் மூவரும் எதிர்ப்பக்கத்தில் இருந்தனர். எண்ணிக்கையை நோக்கித் தேர்ந்திருப்பின் அவன் நகர்ந்திருக்கமாட்டான்.

அவனை ஏற்றுக்கொண்ட தருமன், திருதராட்டிரனின் பிண்டமும் குலத்தொடர்ச்சியும் யுயுத்சுவிடமே தங்கியிருப்பதாகத் தோன்றுகிறது என்கிறான். இக்கூற்று அப்போது வரவேற்புரை போல ஒலித்தாலும், காப்பியம் பின்னர் அதனை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறது. போர் முடிந்த நாளில், பாசறையிலிருந்து நகருக்கு ஓடும் கௌரவர் மகளிருக்குத் துணையாகச் செல்லத் தருமனிடமும் கண்ணனிடமும் விடைபெற்றுச் செல்பவன் யுயுத்சு. நகரில் அவனைக் கண்ட விதுரன் அவன் செயலைப் பாராட்டுகிறான். சென்று மீண்டவன், சென்று நிலைத்தவனை ஏற்றுக்கொள்ளும் அச்சந்திப்பு பொருள்செறிந்தது. பின்னர் முதிய அரசனைப் பேணும் பொறுப்பு விதுரன், சஞ்சயனோடு யுயுத்சுவுக்கும் அளிக்கப்படுகிறது. காட்டிலிருக்கும் திருதராட்டிரனைக் காணப் பாண்டவர் செல்லும்போது நகரைக் காக்க நிறுத்தப்படுகிறவன் அவனே. திருதராட்டிரன் காட்டுத்தீயில் மாண்டபோது யுயுத்சுவை முன்னிட்டே நீர்க்கடன் செய்யப்படுகிறது. மகாபிரஸ்தானிக பருவத்தில் பாண்டவர் நாட்டைத் துறந்து புறப்படுகையில், இளைஞனாகிய பரீட்சித்தை அரியணையில் அமர்த்தி, ஆட்சிப் பொறுப்பை யுயுத்சுவின் கையில் ஒப்படைக்கின்றனர். அவ்விடத்திலும் காப்பியம் அவனை வைசியப் பெண்ணின் மகன் என்றே சுட்டுகிறது. இறுதிவரை அவன் காவலனே; அரசன் அல்லன்.

பிறப்பு குறித்த வினா இங்கே எழுகிறது. விதுரனும் யுயுத்சுவும் அரசகுலத்தின் விளிம்பில் பிறந்தவர்கள். விகர்ணன் பட்டத்தரசியின் மகன். விளிம்பில் பிறந்தோர்க்குக் கட்டு தளர்வாக இருந்தமையால் வெளியேறல் எளிதாயிற்று என வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் விளிம்பில் பிறந்தவனுக்கு அரண்மனை அளிக்கும் இடமே வாழ்வின் ஒரே பற்றுக்கோடு என்பதும் அதே அளவு உண்மை. அதனை இழக்கத் துணிவது விகர்ணனுக்கு எளிதன்று என்றால் யுயுத்சுவுக்கும் எளிதன்று. மேலும், தேரோட்டியின் மகனாக வளர்ந்து அதே விளிம்பில் நின்ற கர்ணன் வெளியேறவில்லை. பிறப்பு தெரிவுக்குச் சூழலாகிறது. தெரிவை அதுவே தீர்மானிப்பதில்லை.

தமிழ் மரபின் நோக்கு

தமிழ் வாசகர் நெஞ்சில் செஞ்சோற்றுக் கடன் என்னும் கருத்து ஆழ வேரூன்றியது. கம்பராமாயணக் கும்பகருணன் வதைப்படலத்தில், இராமன் பக்கம் வந்துவிடுமாறு வீடணன் அழைக்க, வளர்த்தவனுக்காகச் சாவதே தன் கடன் எனக் கும்பகருணன் மறுக்கும் காட்சி அக்கருத்தின் உச்சம். தீமை எனக் கண்டித்த பின்னும் அண்ணனுக்காகவே உயிர் துறந்தமையால் விகர்ணனைக் கும்பகருணனோடும், கடந்து சென்றமையால் யுயுத்சுவை வீடணனோடும் ஒப்பிடுதல் இயல்பு. ஆனால் வீடணன் தமிழ் வாசகரின் விவாதங்களில் இன்றளவும் இடம்பெறுகிறான். யுயுத்சுவோ பெயரளவிலும் பரவலாக அறியப்படாதவன். இவ்வேறுபாட்டிற்கு அறக்கோட்பாடு மட்டும் காரணமன்று. நூல்களின் அமைப்பும் காரணம்.

தமிழில் பெருவழக்குப் பெற்ற வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு, போரின் முடிவில் நின்றுவிடுகிறது. காந்தாரியின் புலம்பலும், திருதராட்டிரனின் இறுதிக்கடனும், யுயுத்சுவிடம் நாடு ஒப்படைக்கப்படுவதும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பாரதியின் பாஞ்சாலி சபதமோ (முதற்பாகம் 1912, இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பின் 1924) சூளுரையோடு முடிகிறது. அதில் விகர்ணன் எழுந்து நீதி பேசுகிறான். அவன் பின்னர் எப்பக்கம் நின்று மாண்டான் என்பது அந்நூலின் கதையெல்லைக்குள் வருவதில்லை. ஆகவே தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமான விகர்ணன் பேசிய விகர்ணன் மட்டுமே. அவனோடு ஒப்பிட்டு நோக்குதற்குரிய யுயுத்சுவின் பிற்கால வாழ்வு நல்லாப்பிள்ளை பாரதத்திலும், ம.வீ. இராமானுசாசாரியார் வெளியிட்ட கும்பகோணப் பதிப்பின் உரைநடை மொழிபெயர்ப்பிலும் உண்டெனினும், பரவலான வாசிப்பு அவற்றின் இறுதிப் பருவங்களை எட்டியதில்லை.

பிறமொழியில் இதற்கு மாறான ஒரு நோக்கு உண்டு. இந்தியில் தர்மவீர் பாரதி எழுதிய 'அந்தா யுக்' (1954) என்னும் நாடகம், நாட்டுப் பிரிவினையின் கொடுமைகளுக்குப் பின் தோன்றியது. அதில் யுயுத்சு முதன்மை மாந்தருள் ஒருவன். உண்மையின் பக்கம் நின்றும் காந்தாரியின் ஏளனத்துக்கும் மக்களின் வெறுப்புக்கும் ஆளாகி, இறுதியில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறான். கடந்து சென்றவனை எந்த மண்ணும் முழுதாக ஏற்பதில்லை என்னும் இருபதாம் நூற்றாண்டின் பட்டறிவை அந்நாடகம் அவன்மேல் ஏற்றியுள்ளது. அது வலிமை மிக்க வாசிப்பு. எனினும் மூலத்தின் வாசிப்பன்று. மூலத்தில் யுயுத்சு வாழ்கிறான். அவனை எவரும் தூற்றுவதாகவும் இல்லை. எவரும் கொண்டாடுவதாகவும் இல்லை. அடுத்தடுத்து வேலைகள் அவனிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

முடிவாக

மூவரையும் ஒருங்குவைத்து நோக்கும்போது காப்பியத்தின் அணுகுமுறை தெளிவாகிறது. விதுரன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்கு அமைதியான துறவும், தருமனுள் கலக்கும் முடிவும் கிடைத்தன. விகர்ணன் சொன்னான், பின்னர் தான் கண்டித்தவர்களுக்காக மாண்டான். அவனுக்கு இருதரப்பின் கண்ணீர் கிடைத்தது. யுயுத்சு சொல்லோடு நிற்காமல் இடம் மாறினான். அவனுக்குக் கண்ணீர் இல்லை, பொறுப்பே கிடைத்தது.

கண்ணீரைத் தீர்ப்பாகக் கொள்வது வாசகரின் வழக்கம். விகர்ணனுக்காக வீமனே அழுகிறான் என்பதனால், அவன் தெரிவையே காப்பியம் உயர்த்துகிறது எனக் கருதத் தோன்றும். ஆனால் வீமன் அழுவது விகர்ணனின் நன்மைக்காக. அவன் நின்ற இடத்திற்காக அன்று. அவன் வேறிடத்தில் நின்றிருந்தால் அந்த அழுகைக்கே தேவை நேர்ந்திராது. மறுபுறம், யுயுத்சுவின் தெரிவு இழப்பற்றது என்றும் காப்பியம் காட்டவில்லை. தந்தைக்கு நீர்க்கடன் செய்ய எஞ்சிய மகன் அவன் ஒருவனே என்பதன் பொருள், உடன்பிறந்தார் அனைவரும் மாண்ட களத்தில் அவன் எதிர்ப்பக்கம் நின்றான் என்பதுமாகும்.

அவையில் உண்மையை உரைத்தல் அரிய செயல் என்பதில் ஐயமில்லை. பீஷ்மராலும் துரோணராலும் இயலாததை விகர்ணன் செய்தான். ஆனால் சொல்லோடு கடமை முடிந்துவிடுவதாகக் காப்பியம் கருதவில்லை என்பதை, அவன் பெயரை மீண்டும் களத்தில் எழுப்பிக் கர்ணனைக் காக்க அனுப்புவதன் மூலம் அது உணர்த்துகிறது. விகர்ணனைச் சபா பருவத்தோடு நிறுத்திப் படிப்பவர் அவன் துணிவை மட்டுமே காண்பர். துரோண பருவம் வரை தொடர்ந்து படிப்பவர் அத்துணிவின் எல்லையையும் காண்பர். மகாபிரஸ்தானிக பருவம் வரை செல்பவரோ, அவ்வெல்லையைக் கடந்த ஒருவன் அதே குடியில் இருந்தான் என்பதையும், அழிவுக்குப் பின் எஞ்சிய நாட்டை ஏந்திக்கொள்ள அவன் தேவைப்பட்டான் என்பதையும் அறிவர். தமிழில் பாரத வாசிப்பு அவ்விறுதிப் பருவங்கள் வரை விரிவுபெறுமாயின், செஞ்சோற்றுக் கடனுக்கு அருகே வைத்து எண்ணுதற்குரிய மற்றோர் அறமும் அங்கே பேசப்பட்டிருப்பது புலப்படும்.